நீதிபதி எவருக்கும் வேண்டியவர் அல்லர்

சிலப்பதிகாரக் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்லப் பணித்த நிகழ்ச்சியை நாம் பள்ளிப் பருவம் தொட்டே கேட்டு வருகின்றோம். ஆராயாது தீர்ப்பளித்தான் என்பதே அம்மன்னன் மீது நாம் வழக்கமாகச் சாட்டும் குற்றம். ஆயின் அவ்வழக்கைச் சற்று உற்று நோக்குவோமாயின் வேறொரு குறையும் புலப்படும். காணாமற்போனது அரசியின் சிலம்பு. எனவே பொருளை இழந்த தரப்பு அரண்மனை. தீர்ப்பளித்தவன் அரசன். தண்டனையை நிறைவேற்றியவர் அவன் காவலர். இழந்தவனும் தீர்ப்போனும் தண்டிப்போனும் ஒருவனேயாயின் கோவலன் எவரிடம் சென்று முறையிடுவான்?

இன்று மன்னர் இலர்; அரசாங்கம் உண்டு. நிலம் எடுத்தல், வரி விதித்தல், கைது செய்தல், ஓய்வூதியம் மறுத்தல் எனப் பல வழக்குகளில் அரசாங்கமே எதிர்த்தரப்பாக நிற்கிறது. அவ்வழக்கைக் கேட்கும் நீதிபதி, அதே அரசாங்கத்தின் தயவை நோக்கி வாழ்பவராயின் எளியவர் நிலை யாதாகும்? இவ்வினாவுக்கு விடையாகவே நம் அரசியலமைப்புச் சட்டம் நீதித்துறைக்குச் சில காப்புகளை அமைத்திருக்கிறது. அவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண் நீதிமன்றங்களின் அமைப்பைக் காண்போம். அமெரிக்காவில் மத்திய அரசின் நீதிமன்றங்கள் வேறு, மாநில நீதிமன்றங்கள் வேறு. நம் நாட்டிலோ அனைத்தும் ஒரே கோபுரத்தின் அடுக்குகள். அடித்தளத்தில் சொத்து முதலிய வழக்குகளுக்கு மாவட்ட முன்சீப், சார்பு நீதிபதி ஆகியோரும், குற்ற வழக்குகளுக்கு நீதித்துறை நடுவர்களும் உள்ளனர். அவர்களுக்கு மேல் மாவட்ட நீதிபதி. அவரே குற்ற வழக்குகளில் அமர்வு நீதிபதியாகவும் விளங்குகிறார். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். நாட்டில் இன்று 25 உயர் நீதிமன்றங்கள் உள்ளன. 1862-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. மதுரையில் அதன் கிளை 2004 முதல் இயங்குகிறது. உச்சியில், 1950 சனவரியில் எட்டு நீதிபதிகளுக்கான இடங்களுடன் தோன்றிய உச்ச நீதிமன்றம். 2019 முதல் அவ்விடங்கள் 34.

இனி, காப்புகளைக் காண்போம். ஆங்கிலேயர் காலத்தில் வரி தண்டும் கலெக்டரும் தாசில்தாரும் மாஜிஸ்திரேட்டின் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தனர். நிர்வாகத்தினின்று நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என அரசியலமைப்பின் 50-ஆம் பிரிவு அரசுக்குக் கட்டளையிட்டது. 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இப்பிரிவினையைச் சட்டமாகவே நிலைநிறுத்தியது. கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்பு ஆகியவற்றின் மேற்பார்வை, 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் உள்ளது. அமைச்சர் கையில் இல்லை.

உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயது வரையிலும் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரையிலும் பதவி வகிப்பர். தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக எவரும் அவர்களை வீட்டுக்கு அனுப்ப இயலாது. ஒழுங்கீனமோ இயலாமையோ நிரூபிக்கப்பட்டால் மட்டுமே, நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் மொத்த உறுப்பினரின் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவும் பெற்று நீக்க இயலும். 1993-இல் ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதிமீது கொணரப்பட்ட தீர்மானம் மக்களவையில் போதிய வாக்குகள் பெறாமல் வீழ்ந்தது. 2011-இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்கும் தீர்மானத்தை மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவை அதனை எடுத்துக்கொள்ளுமுன் அவர் பதவி விலகினார்.

நீதிபதிகளின் ஊதியம் ஆண்டுதோறும் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விடப்படுவதில்லை. நீக்கத் தீர்மானத்தின் பொழுதன்றி, நீதிபதியின் பணிநடத்தையை நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ விவாதித்தலும் ஆகாது. உச்ச நீதிமன்றத்தில் பதவி வகித்தவர் ஓய்வுக்குப் பின் இந்நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வழக்கறிஞராக நின்று வாதாட இயலாது. நாளைய கட்சிக்காரரை எண்ணி இன்று தீர்ப்பெழுதும் சோதனை அவருக்கு வரலாகாது என்பதே இதன் கருத்து.

இத்துணை வேலிகளும் எழுத்தில் இருந்தன. இருந்தும் வேலி அசைந்த காலமும் உண்டு.

1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கூடி, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற இயலாது என 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தனர். மறுநாளே, அரசுக்கு மாறாகத் தீர்ப்பளித்த மூத்த நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் பதவி துறந்தனர். எவரையும் பதவி நீக்கவில்லை. சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆயினும் ஏனைய நீதிபதிகளுக்குச் செய்தி சென்றடைந்தது.

ஈராண்டுகளில் நெருக்கடி நிலை வந்தது. விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டோர் உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தனர். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அம்மனுக்களைக் கேட்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. காவலர் ஒருவர் சொந்தப் பகையினால் ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா என நீதிபதி எச்.ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்பதே அரசின் தலைமை வழக்கறிஞர் தந்த விடை. 1976 ஏப்ரல் 28 அன்று, ஐவரில் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மாறுபட்டு எழுதினார். தாம் எழுதியிருக்கும் தீர்ப்பு தலைமை நீதிபதி பதவியைத் தமக்கு இழப்பாக்கும் என்று அவர் முன்னரே தம் சகோதரியிடம் கூறியிருந்தார். அவ்வாறே ஆயிற்று. 1977 சனவரியில் அவருக்கு இளையவரான எம்.எச். பேக் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஒருவர் எழுதிய அத்தீர்ப்பு வீண்போகவில்லை. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர், உடல் உரிமையை நிறுத்தி வைக்கலாகாது என விதித்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அப்பழைய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அவ்வாறு தள்ளி எழுதியவருள் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் மைந்தர். தந்தையின் தீர்ப்பென்று அவர் தயங்கவில்லை.

நீதிபதிகளை நியமிப்பவர் யார் என்ற வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை. 1981-இல் அரசின் சொல்லே மேலானது என்ற உச்ச நீதிமன்றம், 1993-இல் நீதித்துறையின் சொல்லே மேலானது என்று மாற்றியது. 1998 முதல், உச்ச நீதிமன்ற நியமனங்களுக்குத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் கூடிப் பரிந்துரைக்கின்றனர். இதற்கு மாற்றாக 2014-இல் நாடாளுமன்றம் நிறுவிய நியமன ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நீதிபதிகளை நீதிபதிகளே மூடிய அறைக்குள் தெரிவு செய்வது முறையாகுமா என்று கேட்போரின் குறையிலும் நியாயமுண்டு. அரசின் கைப்பிடியினின்று விலகியிருப்பதும் மக்களுக்குக் கணக்குக் காட்டுவதும் ஒருங்கே வேண்டும். கீழ் நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நிலையில், தாமதத்தால் தோற்கும் ஏழைக்கு நீதிபதியின் சுதந்திரம் வெறுஞ்சொல்லாகவே தோன்றும்.

ஈண்டு நம் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். வழக்கில் சிக்கியோர் சிலர் நம்மிடம் வந்து, இன்ன நீதிபதிக்கு வேண்டியவர் எவரேனும் உளரோ, ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைக்குமோ என வினவுவதுண்டு. அவர்தம் துயரம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் அக்கடிதத்தை நாம் தருவதில்லை. நமக்காக ஒரு கடிதத்துக்கு இணங்கும் நீதிபதி, நம் எதிரி கொணரும் பெரிய கடிதத்துக்கும் இணங்குவார் அன்றோ? அமைச்சரின் தொலைபேசி அழைப்பும் எளியவரின் சிபாரிசும் அளவில் வேறுபடலாம். வேலியில் இடும் துளை ஒன்றே.

கடிதத்துக்கு மாறாக வேறொரு வழியைச் சுட்டி அனுப்புகிறோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், சிறுவர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். வருமானம் குறைந்த ஏனையோருக்கும் அது உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு நமக்கு மாறாக வருமாயின் மேல்முறையீடு உண்டு. நீதிபதி விலைபோனார் என்று சான்றின்றித் திண்ணையில் பேசி, அதனைப் பிள்ளைகள் செவியில் விதைத்தல் தகாது.

எவருக்கும் வேண்டியவராயில்லாத நீதிபதி ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்ற உறுதியே, வேண்டியவர் எவரும் இல்லாத ஏழைக்கு உள்ள ஒரே பலம். அவ்வுறுதியை நாம் நம் பங்குக்குக் குலைக்காதிருப்போமாக.