இறையாட்சி: இறந்தபின் செல்லும் இடமா?

இறையாட்சி என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருவது, இறந்தவர்கள் சென்றடையும் இடமே. செத்தவீடுகளிலும் நினைவுத் திருப்பலிகளிலும் அந்த அர்த்தத்திலேயே இச்சொல்லை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இழப்புகளோடு வாழும் மக்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் லூக்கா நற்செய்தி சொல்வது அதைவிடப் பெரியது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லூக்கா கிரேக்கத்தில் எழுதிய 'பசிலேயா' என்ற சொல் அரசனின் நாட்டையும் குறிக்கும், அவன் ஆளுவதையும் குறிக்கும். பழைய தமிழ் வேதாகமம் இதை 'தேவனுடைய ராஜ்யம்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி' என்றது. முன்னையது ஓர் இடத்தை நினைக்க வைக்கிறது. பின்னையது கடவுளின் விருப்பப்படி காரியங்கள் நடப்பதை நினைக்க வைக்கிறது.

இயேசு இதைப் பேசிய காலத்தில் யூதேயா உரோமை ஆளுநரின் கீழும், கலிலேயா உரோமையின் தயவில் ஆண்ட ஏரோது அந்திப்பாவின் கீழும் இருந்தன. வரியும் படையும் அன்றாட வாழ்வாக இருந்த மண்ணில் 'கடவுளே ஆள்கிறார்' என்பது சாதாரண பேச்சல்ல. தன்னை அரசன் என்கிறார், சீசருக்கு வரி செலுத்துவதைத் தடுக்கிறார் என்றே பிலாத்துவிடம் அவர்மீது குற்றம் சுமத்தினார்கள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவர் தமது பணியாக அறிவித்ததும் ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை வாழ்வு என்பவற்றையே.

இறையாட்சி எப்போது வரும் என்று பரிசேயர் கேட்கிறார்கள் (17:20). 'இதோ இங்கே, அதோ அங்கே' என்று காட்டக்கூடியதல்ல அது, உங்கள் நடுவிலேயே இருக்கிறது என்கிறார் இயேசு. அது இன்னும் முழுமையாகவில்லை. அதனால்தான் 'உமது ஆட்சி வருக' என்று மன்றாடவும் கற்பித்தார்.

இந்த உரையாடலைத் தொடர்ந்து சில வசனங்களிலேயே லூக்கா ஒரு கைம்பெண்ணின் உவமையை வைக்கிறார் (18:1-8). கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் அவள் திரும்பத் திரும்பப் போகிறாள். அவள் கேட்பது இரக்கமுமல்ல, உதவிப் பணமுமல்ல. நீதியையே கேட்கிறாள். நீதிபதி மனம் திருந்தவில்லை. அவளுடைய தொல்லை தாங்காமலே தீர்ப்பளிக்கிறான். இப்படிப்பட்டவனே இணங்கும்போது, இரவும் பகலும் கூக்குரலிடுபவர்களுக்குக் கடவுள் நீதி வழங்காமல் இருப்பாரா என்று இயேசு கேட்கிறார்.

2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரை அறிந்த எமக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. 'கடவுள் பார்த்துக்கொள்வார், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்' என்று அவர்களிடம் சொல்வதற்கு இறையாட்சியைத் துணைக்கு அழைக்க முடியாது. லூக்காவின் கைம்பெண் வீட்டுக்குப் போய்விடவில்லை.

உவமையின் முடிவில் இயேசு மீண்டும் ஒரு கேள்வி கேட்கிறார்: மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா? அந்த நம்பிக்கை எப்படி இருக்கும் என்பதை அவர் ஏற்கெனவே காட்டிவிட்டார். கதவு திறக்காத நீதிபதியின் வாசலுக்கு அந்தப் பெண் மறுநாளும் வந்ததே அது.