சதுரகிரி ஏறும் கால்களுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

அமாவாசை, பௌர்ணமி என்றால் கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் கூட்டம் தெரியும். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இங்கே இறங்கி, வத்திராயிருப்புக்கு வண்டி மாறி, தாணிப்பாறை போய் சதுரகிரி ஏறுவார்கள். பையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கும். கரைத்துக் குடித்தால் உடனே தெம்பு வரும் என்பது நம்மூரில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் வழுக்குப்பாறையிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறவரின் உடம்பில் சர்க்கரை தீர்ந்திருக்காது. இருப்பதை எரித்து ஆற்றலாக்கும் வேகம்தான் ஏற்றத்துக்குப் போதவில்லை.

நோட்டும் சில்லறையும்

இட்லியோ சோறோ, அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. தசைக்கு அதை அப்படியே செலவழிக்கத் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் முறைப்பாரே, அந்தக் கதைதான். குளுக்கோஸில் இருக்கும் ஆற்றல் முதலில் ஏ.டி.பி. என்ற சின்ன மூலக்கூறுக்குக் கைமாற வேண்டும். கால் மடங்குவதும் இதயம் துடிப்பதும் அந்தச் சில்லறையில்தான். இதைச் சேர்த்துவைக்கவும் முடியாது. முழு வேகத்தில் ஓடினால் தசையில் உள்ள கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்காது. அதனால் செலவாகச் செலவாகச் செல்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாளில் இப்படிப் புதுப்பிக்கப்படும் ஏ.டி.பி.யின் மொத்த எடை, ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும்.

மதராஸில் படித்தவர்

இந்தக் கணக்கைத் திறந்து காட்டியவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். 1925இல் வெளியான அந்த முறை இருவர் பெயராலும் இன்றும் அறியப்படுகிறது. அதைக் கொண்டே 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். ஏ.டி.பி. தீர்ந்துபோகும் முதல் சில விநாடிகளில் கைகொடுப்பது இதுதான். 1929இல் ஏ.டி.பி.யையும் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். நம் பாடப்புத்தகங்கள் சுப்பாராவுக்கு இன்னும் நாலு வரி கூடுதலாகக் கொடுக்கலாம்.

மூச்சு வாங்குவது ஏன்?

பத்து விநாடிக்கு மேல் போனால் குளுக்கோஸை உடைத்தாக வேண்டும். ஆக்சிஜன் உதவியில்லாமல் உடைத்தால் ஒரு குளுக்கோஸுக்கு லாபம் இரண்டே ஏ.டி.பி. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் ஆக்சிஜனோடு முழுதாக எரித்தால் சுமார் முப்பது. அங்கே ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் நொதி நிஜமாகவே சுழலும் ஒரு நுண்ணிய இயந்திரம். உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்த வரிசை முழுவதும் நின்றுவிடும். நாம் மூச்சு விடுவதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

செங்குத்தான இடத்தில் அவசரப்பட்டால் மைட்டோகாண்ட்ரியாவால் ஈடுகொடுக்க முடியாது. ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைக்கும்போது உருவாகும் லாக்டேட் கூடும், மூச்சு முட்டும். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பவருக்குச் சில வாரங்களிலேயே தசைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகும். ஆடி அமாவாசைக்கு ஏற நினைப்பவர் சித்திரையிலேயே நடக்கத் தொடங்குவது நல்லது. மறுநாள் தொடையில் வரும் வலிக்கு லாக்டேட்டைக் குறை சொல்ல வேண்டாம். அது ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். வலி, இறங்கும்போது தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால் வருவது.

விரதமும் மாத்திரையும்

அறுபது கிலோ எடையுள்ளவர் நூறு மீட்டர் உயரம் ஏற, தசையின் திறனையும் கணக்கில் எடுத்தால், சுமார் 56 கலோரி ஆகும். சர்க்கரையில் சொன்னால் 14 கிராம். ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் 400 கிராமும் கிளைகோஜனாக ஏற்கெனவே இருக்கிறது. கொழுப்பு கிலோக் கணக்கில் இருக்கிறது. ஆக, ஆரோக்கியமானவருக்குக் குளுக்கோஸ் பொடி அவசியமே இல்லை. (இறங்கியதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவாவை ஒரே மூச்சில் முடிப்பவர், ஏறிக் கரைத்ததில் பெரும்பங்கை அங்கேயே திரும்ப வாங்கிவிடுகிறார்.)

சர்க்கரை நோயாளிகள் விஷயம் வேறு. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விரதமும் இருந்து மலையேறினால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். மூளை நம்பியிருப்பது பெரும்பாலும் குளுக்கோஸைத்தான். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உட்காரவைத்து, விழுங்க முடிகிற நிலையில் இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். விரத நாளில் மருந்தின் அளவு என்ன என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். ஏறும்போது நெஞ்சை அழுத்துகிற வலி வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா தேடக் கூடாது. அங்கேயே நின்றுவிட வேண்டும், உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

சாப்பிட்டும் சோர்வு

மலையே ஏறாமல், மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிற பெண்கள் எத்தனையோ பேர். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து வீட்டு வேலையும் பார்ப்பவருக்குச் சோர்வு இயல்புதான் என்று விட்டுவிடுகிறோம். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும் இரும்பு வேண்டும், மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் வரிசைக்கும் இரும்பு வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இவர்களுக்குச் சோறு கூடுதலாகப் போட்டால் எடைதான் கூடும்.

பி1 வைட்டமினும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலிலேயே தேங்கிவிடும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிதாக இருந்ததற்கு இதுவே காரணம். தீட்டிய பச்சரிசி உண்ட வடக்குத் தெலுங்கு மாவட்டங்களில் அந்த நோய் இருந்தது.

காரணமில்லாத சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். டீ மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.