நம்ம நன்மங்கலத்துக் கொம்பன்

பறவையைப் பத்தி எழுதச் சொன்னா எல்லாரும் மயில், கிளி, தேன்சிட்டுன்னு எழுதுவாங்க. நான் ஆந்தையைப் பத்தி எழுதுறேன். சிரிக்காதீங்க நண்பர்களே!

கிழக்குத் தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம் போற வழியில், வீடுகளுக்கு நடுவே ஒரு காடு இருக்கிறது. அதுதான் நன்மங்கலம் காப்புக்காடு. சுமார் 320 ஹெக்டேர். முள்ளும் புதரும் பாறையும்தான் அதிகம். இங்கேதான் கொம்பன் ஆந்தை வசிக்கிறது. ஒன்றரை அடிக்கு மேல் உயரம், ஆரஞ்சு நிறக் கண்கள். தலையில் நீட்டிக்கொண்டிருப்பது கொம்பும் இல்லை, காதும் இல்லை. வெறும் இறகு!

இந்த ஆந்தை கூடு கட்டாது. செங்குத்தான பாறையில் ஒரு திட்டு கிடைத்தால் போதும், வெறும் தரையிலேயே முட்டை இடும். காட்டுக்குள் ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த குவாரி இருக்கிறது. வேலை நின்ற பிறகு அதில் மழைத்தண்ணீர் தேங்கியது. வெடி வைத்து மனிதன் உடைத்த சுவரையே ஆந்தை தன் வீடாக்கிக்கொண்டது. கெட்டிக்காரப் பறவைதான்.

ஆனா ஆபத்தும் அங்கேதான். உலக அளவில் இது அழிந்துவரும் இனம் இல்லை. நம்ம பக்கமோ சுற்றிலும் ரோடும் அடுக்குமாடியும் வந்துவிட்டன. இந்த இடம் போனால் அடுத்த பாறைக்கு எங்கே போகும்? குவாரி ஓரம் கூட்டமா போய்ச் சத்தம் போட்டால் தாய் ஆந்தை பறந்துவிடும். முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை கொத்திவிடும். குஞ்சுகளும் பறக்கத் தெரியும் முன்பே திட்டை விட்டு இறங்கி நடக்கும். நாய் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆந்தை அலறினா சாவு வரும்னு எங்க பாட்டி சொல்வாங்க. உண்மையில் அது தன் ஜோடியைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். மாந்திரீகத்துக்கு என்று ஆந்தையைப் பிடித்து விற்பவர்களும் நாட்டில் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இதன் முக்கிய உணவு எலி, பெருச்சாளி. செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்துப் பார்த்தே எதைத் தின்றது என்று கண்டுபிடிக்கிறார்கள். நாம் வைக்கும் எலி விஷத்தைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் ஆந்தைக்கும் விஷம் ஏறும். அதனால் காட்டு ஓரம் குடியிருப்பவங்க எலிப்பொறி வையுங்க. முட்டையும் குஞ்சும் இருப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அந்த மாசங்களில் குவாரிப் பக்கம் போகவே வேண்டாம்.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு