கிணற்றடியில் தொடங்கிய படிப்பு

"சுற்றாடல் பொறியியலா? அது குப்பை அள்ளுற படிப்புத்தானே மகன்?" என்று ஒருநாள் மாமா என்னிடம் கேட்டார். குப்பையும் அதில் உண்டுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் என்னை அந்தப் பக்கம் இழுத்தது எங்கள் வீட்டுக் கிணறு.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பின், அம்பாறைக் கரையோரத்தில் எங்கள் கிணறு உட்பட எத்தனையோ கிணறுகள் உப்பாகிப் போயின. "இறைச்சு முடிஞ்சா நல்ல தண்ணி ஊறும்" என்று வாப்பா மோட்டர் பூட்டி நாள் முழுக்க இறைத்தார். ஊறியதும் உப்புத்தான்.

காரணம் பல்கலைக்கழகத்தில்தான் விளங்கியது. கரையோர மணலுக்குள் நல்ல நீர், பாரம் கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீற்றர் நின்றால், கணக்குப்படி கீழே சுமார் 40 மீற்றருக்கு உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறும். வாப்பா இறைக்க இறைக்க உப்பை மேலே கூப்பிட்டிருக்கிறார்! கிணற்றை அளவாக இறைத்துத் துப்புரவாக்கிவிட்டு, மிச்சத்தை மாரி மழைக்கு விட்டிருக்க வேண்டும்.

அதே மணலில்தான் நமது மலசலகூடக் குழிகளும் இருக்கின்றன. காணி சிறுக்கச் சிறுக்கக் குழியும் கிணறும் நெருங்குகின்றன. குழியிலிருந்து கசிவது நைத்திரேற்றாக மாறிக் கிணற்றில் சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே முதலில் ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, குழியை எங்கே வெட்டுவது, கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பது என்பவற்றைக் கணக்குப் போட்டுச் சொல்வதே இந்தத் துறையின் வேலை.

சுற்றாடல் என்றதும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் பலர் இது தங்களுக்குரியது என நினைக்கிறார்கள். அவர்களுக்குச் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். நம் நாட்டில் இது பெரும்பாலும் குடிசார் பொறியியலோடு சேர்ந்தே வருகிறது. பேராதனை, மொறட்டுவை மட்டுமல்ல, ஒலுவிலிலும் பொறியியல் பீடம் உண்டு. தனியாரிடம் காசு கட்டுவதற்கு முன், அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு அழுது பலனில்லை.

வேலை? நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, சாயக் கழிவைச் சுத்திகரிக்க வேண்டிய ஆடைத் தொழிற்சாலைகள், திட்டங்களின் சுற்றாடல் தாக்கத்தை மதிப்பிடும் ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் உண்டு. வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வேறு.

"பொம்புளப் புள்ளைக்குச் சரிவருமா?" என்று மாமா அடுத்துக் கேட்டார். ஆய்வுகூடமும் வடிவமைப்பும் உண்டு. வெயிலில் களத்துக்குப் போகவும் வேண்டும், அதை மறைக்கக்கூடாது என்றேன். மகள் இணைந்த கணிதத்தில் கெட்டிக்காரியாம். வீட்டுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே நாடா பிடித்து அளந்தும் விட்டாளாம்.