கெமிஸ்டுக்குள் ஒளிந்திருக்கும் ரசவாதி

மகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் கொப்பியில் போன கிழமை ஒரு புதுச்சொல் வந்தது: வேதியியலாளர். அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "இதென்ன, ஐயர்மாருக்குப் பாடமோ?" என்றார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் இரசாயனவியல் படிப்பித்தவர் அவர். ஆனால் அவர் சொன்ன "இரசாயனம்" மகளுக்கு விளங்கவில்லை. "கெமிஸ்ட்" என்று நான் சொன்னதும் சட்டென்று விளங்கியது. அப்பாவின் முகம் வாடிப்போனது. பிக்கரிங்கில் ஒரே வீட்டில் இருக்கிற அப்பப்பாவும் பேத்தியும் கதைக்க இங்கிலிஷ் சொல்தான் வேணுமோ என்று எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. அன்றிரவே அந்த மூன்று சொற்களின் வேரையும் தேடத் தொடங்கினேன்.

கெமிஸ்ட் என்பது தலையில்லாத சொல். முழுச்சொல் அல்கெமிஸ்ட், அதாவது ரசவாதி. 'அல்' என்பது அரபு மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஒட்டு. கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல்லோடு அரபுக்காரர் அதைச் சேர்த்து அல்கீமியா ஆக்கினார்கள். அதற்கும் முந்திய வேரைப் பற்றி இன்னும் சண்டைதான். எகிப்தின் கறுப்பு மண்ணைக் குறித்த பழைய பெயர் என்கிறார்கள் சிலர். உலோகம் உருக்கி வார்ப்பதைக் குறித்த கிரேக்கச் சொல் என்கிறார்கள் மற்றவர்கள். 16ஆம் நூற்றாண்டில் அகிரிகோலா என்ற ஜெர்மன் அறிஞர் தன் லத்தீன் நூல்களில் அந்த 'அல்'லைக் கழற்றிவிட்டார். ஒட்டுப் போனாலும் ஆசை போகவில்லை. 1661இல் தன் புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே கெமிஸ்டை வைத்த ராபர்ட் பாயில்கூட, மற்ற உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்று நம்பியவர்தான்.

இனி எங்கட பக்கம். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் ஒரு நூல் வந்தது. பெயர் 'கெமிஸ்தம்'. அந்தச் சொல் நிலைக்கவில்லை. இலங்கையில் இரசாயனவியல் நின்றது, தமிழ்நாட்டில் வேதியியல்.

அப்பா பயந்ததுபோல வேதியியலுக்கும் வேதம் ஓதும் வேதியருக்கும் சம்பந்தமில்லை. ஒரு உலோகத்தை இன்னொன்றாக மாற்றுவதைச் சித்தர் மரபில் வேதித்தல், வேதை என்பார்கள். செம்பைப் பொன்னாக்குகிற அதே ஆசை! இரசாயனமோ, ஆயுர்வேதத்தில் முதுமையைத் தள்ளிப்போடும் மருத்துவப் பிரிவின் பெயர். ரசவாதிக்கு இரண்டு கனவு: பொன்னும் நீண்ட ஆயுளும். தமிழ்நாட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ள, எங்கட ஆக்கள் மற்றதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் இதைச் சொன்னபோது அப்பாவுக்குச் சந்தோஷம். பேனையை எடுத்து, மகளின் கொப்பியில் வேதியியலாளருக்குப் பக்கத்தில் இரசாயனவியலாளர் என்று எழுதிவிட்டார்.

"அப்பப்பா, உங்களுக்குத் தங்கம் செய்யத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா இந்தக் குளிருக்குள்ள ஏன் பிள்ளை வந்து கிடக்கிறன்?"