கராஜா, கொம்பனியா?

றம்பொடை இறக்கத்தில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் பிள்ளைகள். கியரைக் குறைத்து, மலைப்பக்க ஓரமாக ஒருவாறு நிறுத்தி, அரை மணித்தியாலம் ஆறவிட்ட பிறகுதான் மிதி பழையபடி இறுகியது. மூன்று கிழமைக்கு முன்புதான் திருகோணமலையில் ஒரு கராஜில் பிரேக் ஒயில் முழுவதையும் மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். கண்டியில் மூடியைத் திறந்தால் உள்ளே தேயிலைச் சாயம்போலக் கறுத்த பழைய ஒயில். ஊர் திரும்பிப் போய்க் கேட்டேன். "மாத்தித்தானே தந்தனாங்கள், ஐயா" என்றார்கள். மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். 'டொட் 3' வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஒயில் கொதித்துக் குமிழி விடும். மிதிக்கும் விசையெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சில்லுக்குப் போய்ச் சேராது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் பின்குடா என்று கடலுக்கு நடுவே இருக்கிற நமது நகரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றாமல் விடக் கூடாது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "கொம்பனிக்கே கொண்டுபோயிருக்கலாமே." நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நம் தெருக்களில் ஓடுகிற கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷனாக இங்கே வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே பல கார்களுக்குக் காப்பாற்றிக்கொள்ள உத்தரவாதம் என்று எதுவுமே மிச்சமில்லை. ஒயில், பில்டர், பிரேக் பாட், கூலண்ட் மாற்றுவதற்காக 260 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கையும் மனமும் சுத்தமான ஒரு பாஸ் கிண்ணியாவிலோ உப்புவெளியிலோ இருந்தால் போதும். கீழ்த்தட்டில் ஒட்டிய கடலுப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

புதுக் கார் எடுத்தவர்களின் நிலை வேறு. உத்தரவாதப் புத்தகத்தை முதல் சேர்விஸுக்கு முன்பே முழுவதும் வாசியுங்கள்: எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை, எந்த ஒயில், யார் செய்ய வேண்டும். வெளியில் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று வாயால் சொன்னால், அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இந்தியாவில் இதே வழக்கத்தைப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஓகஸ்டில் 14 கார்க் கொம்பனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்து, வெளியில் பழுது பார்த்தால் உத்தரவாதம் முழுவதும் இரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் கட்டளையிட்டது. தண்டம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தக் கட்டளை நம்மைக் கட்டாது. ஆனாலும் நியாயம் எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது.

கராஜை நம்பி விடக் கூடாத வேலைகளும் உண்டு. முதலாவது எயார்பேக். ஜப்பானின் தகாட்டா கொம்பனி செய்த எயார்பேக்குகளில் வாயுவை உண்டாக்கும் மருந்து, வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் படுவதால் வருடக்கணக்கில் கெட்டுப்போகும். பிறகு விபத்தில் விரியும்போது உலோக உறை வெடித்து, துண்டுகள் ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாயும். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017இல் தகாட்டாவே முறிந்தது. ஆபத்து அதிகம் இருப்பது நம்மைப் போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள கரையோரங்களில். ஜப்பானில் திருப்பி அழைக்கப்பட்ட கார் அந்த வேலை முடியாமலே இங்கே வந்திருக்கலாம், வெளியே பார்த்துத் தெரியாது. 2000களின் தொடக்கம் முதல் 2010களின் நடுப்பகுதி வரை செய்த ஜப்பான் கார் வைத்திருப்பவர் சேஸி இலக்கத்தை எழுதிக்கொண்டு உள்ளூர் முகவரிடம் இன்றே விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது ஹைபிரிட் பற்றரி. பிரியஸில் அது 201.6 வோல்ட், அக்வாவில் 144 வோல்ட். உயிரை எடுக்கக்கூடிய அளவு. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடுவதற்கு அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை இல்லை. நல்ல பாஸ்மார் அதைச் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள்.

கராஜோ கொம்பனியோ, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இரண்டையும் கட்டும். நாம் கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். எழுதித் தராவிட்டாலும், வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வேன் என்ற உத்தரவாதம் அதில் அடங்கியிருப்பதாகவே சட்டம் கொள்கிறது. பொய் சொல்லி ஏமாற்றுவது குற்றம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணைக்குப் பிறகு நட்டஈடோ பணத்தைத் திருப்பியோ தரச் சொல்லி அதிகாரசபை கட்டளையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. அதிகாரசபையின் மாவட்டப் பிரிவு கச்சேரியில் இருக்கிறது. தொகை சிறியதென்றால் மத்தியஸ்த சபையும் உண்டு. அங்கே கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

அங்கே வெறுங்கையோடு போனால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். ஆகவே இப்போது வேலை தொடங்கும் முன்பே என்ன செய்வது, எவ்வளவு என்று எழுதி வாங்குகிறேன். ஒயில் கானை என் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுத் தரச் சொல்கிறேன். பற்றுச்சீட்டில் திகதி, கிலோமீற்றர், பாகத்தின் பெயர், பாஸின் கையெழுத்து நான்கும் வேண்டும். பில் புத்தகமே இல்லாத ஒரு சின்னக் கராஜுக்குத்தான் இப்போது போகிறேன். முதல் நாள் நான் கேட்டதும் அந்த பாஸ் பக்கத்துக் கடையில் கொப்பி ஒன்று வாங்கி வந்து, கார்பன் தாள் வைத்து எழுதித் தந்தார்.