மாஸ்கோவுக்குப் பிறகு

காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு வழியாகத் தென்மேற்கே செல்கிற சாலை, நெல் வயல்களையும் ஏரிக்கரைகளையும் கடந்து, கமண்டல நாகநதி பாயும் ஆரணியிலே கொண்டுபோய் விடுகிறது. நம் ஊரைப் போலவே அதுவும் பட்டுத் தறிகளின் ஊர். ஜாகீர்தார்களின் மாளிகையாலும், நல்ல அரிசியாலும், பட்டுப் புடவையாலும் பெயர்பெற்ற அந்த ஊருக்கு இன்னொரு கியாதியும் உண்டு. அதனை அங்குள்ளவர்களே போதிய அளவு நினைக்கிறார்களோ என்பது எனக்குச் சந்தேகந்தான். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இதுவரை வென்ற எட்டுத் தங்கப் பதக்கங்களில் கடைசிப் பதக்கத்தை, 1980ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி மாஸ்கோவில், அணித்தலைவராக நின்று பெற்றுத் தந்த வாசுதேவன் பாஸ்கரன் 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி பிறந்தது அந்த ஆரணியிலேதான்.

தலைவர் பாஸ்கரனைப் பற்றி எழுதியவர்கள் பலர். பிற்காலத்தில் அதே இந்திய அணிக்குப் பயிற்சியாளராக அமர்ந்து, வெற்றியின் ருசியைக் காட்டிலும் ஏமாற்றத்தின் கசப்பையே அதிகமாக அனுபவித்த பாஸ்கரனைப் பற்றி நிதானமாகச் சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. எனக்கோ, அவருடைய வாழ்க்கையின் இந்த இரண்டாம் பாகமே முதற்பாகத்தைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது என்று தோன்றுகிறது.

சென்னை லயோலாக் கல்லூரியில் பயின்ற அவர் ஆடிய ஸ்தானம் நடுவரிசை. 'ஹாஃப் பேக்' என்று மைதானத்தில் சொல்வார்கள். பழைய இந்திய முறைப்படி முன்னணியில் ஐவர், அவர்களுக்குப் பின்னால் நடுவரிசையில் மூவர், அதற்கும் பின்னால் காப்பாளர் இருவர், கோலைக் காக்க ஒருவர் என்று பதினொருவரும் நிற்பார்கள். முன்னணிக்காரன் கோல் போட்டால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். கோல் காப்பவன் தடுத்தால் கைதட்டும். ஆனால் எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, யாருக்கு எப்பொழுது எந்த வேகத்தில் கொடுக்கவேண்டும் என்று ஒரு கணத்திலே தீர்மானித்துக் கொடுத்துவிட்டு, உடனே பின்னோக்கி ஓடித் தன் இடத்தைக் காக்கிற நடுவரிசைக்காரனைக் கவனிப்பவர், ஆட்டத்தை நன்கு அறிந்தவர் மட்டுமே. காஞ்சிபுரத்து வாசகருக்கு இதனை விளக்க வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. புடவையின் கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இரண்டு நிறங்களும் சேருமிடத்திலே இழையோடு இழையைக் கோத்து வாங்குகிற கோர்வை வேலை எத்தகையதோ, அத்தகையது நடுவரிசை ஆட்டம். பார்ப்பவர் கண் கரையின் ஜரிகைக்கும் உடலின் நிறத்துக்கும் போகுமேயன்றி, அவ்விரண்டையும் பிடித்து வைத்திருக்கிற அந்த இணைப்புக்குப் போவதில்லை.

1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடைபெற்றது. முந்திய ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கோப்பையையே வென்றிருந்த இந்தியா, அங்கே ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த அணியில் பாஸ்கரனும் இருந்தார். தமிழ்நாட்டின் மற்றொரு புகழ்பெற்ற ஆட்டக்காரரான வி. ஜே. பிலிப்ஸும் இருந்தார். மண்ணிலும் புல்லிலும் பழகிய கால்களுக்கும் மணிக்கட்டுகளுக்கும் அந்தப் புதிய தரை அந்நியமாக இருந்தது. மேடு பள்ளத்தில் துள்ளுகிற பந்தை அடக்கி ஆளுகிற சாமர்த்தியமே நம்மவர்களின் தலைமுறைச் சொத்தாக இருந்தது. துள்ளாமல் வழுக்கிக்கொண்டு விரைகிற பந்துக்கு முன்னால் அந்தச் சொத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகிவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவுக்கு அவர் தலைவராகச் சென்றார். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்காவும் அதனைச் சார்ந்த பல நாடுகளும் அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி போன்ற பலம் மிகுந்த ஹாக்கி நாடுகள் வரவில்லை. வந்தவை ஆறே அணிகள். இந்தியா டான்சானியாவை 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் வென்றது. போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 என்று சமன் செய்தது. சோவியத் அணியை 4-2 என்று தோற்கடித்து இறுதியாட்டத்துக்கு வந்தது. இறுதியாட்டத்தில் சுரிந்தர் சிங் ஸோதி இரண்டு கோல்களும், கௌசிக் ஒன்றும் போட, 3-0 என்று முன்னேறியிருந்த அணியை ஸ்பெயினின் ஹுவான் அமாத் தனியொருவராக விரட்டி வந்தார். முகம்மது ஷாகித் நான்காவது கோலைப் போட்டார். அமாத் தம் மூன்றாவது கோலைப் போட்டார். 4-3 என்ற கணக்கோடு ஆட்டம் முடிகிறவரையில், கையில் வந்த பதக்கம் நழுவிவிடுமோ என்ற அச்சம் இந்தியர் அனைவர் நெஞ்சிலும் இருந்திருக்கும்.

வலிய நாடுகள் வராத போட்டியில் பெற்ற தங்கம் மாற்றுக் குறைந்தது என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதம் எனக்கு உடன்பாடன்று. வராதவர்களை யாரும் வெல்லமுடியாது. வந்தவர்களை வெல்வதொன்றே ஆட்டக்காரனுடைய தர்மம். மான்ட்ரியலில் நொறுங்கிய நம்பிக்கையை, பெரும்பாலும் புதியவர்களே நிறைந்த ஓர் அணியைக் கொண்டு, அதே செயற்கைத் தரையில் மீட்டது சாமானியக் காரியமா? அர்ஜுனா விருதும், 1981இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தது நியாயமே.

இனி, பயிற்சியாளருடைய கதை. தாம் ஆடிய விளையாட்டைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வருகிற எவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஆனால் பாஸ்கரனுடைய தலைமுறைக்கு அது மிகக் கடுமையாக அமைந்தது. 1992இல் வந்த விதிமாற்றத்தால், ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே அழைத்து மாற்றி அனுப்பலாம் என்றாயிற்று. 1998இல் ஆஃப்சைடு விதி அடியோடு எடுக்கப்பட்டது. முன்பெல்லாம் களத்திலே தலைவன் எடுக்கவேண்டியிருந்த தீர்மானங்களில் பாதி, இப்பொழுது கோட்டுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிற பயிற்சியாளரின் கைக்கு வந்துவிட்டன. யாரை எப்போது ஓய்வுக்கு அழைப்பது, எதிரியின் முன்னணிக்காரன் நம் கோலருகிலேயே காத்து நின்றால் அவனை யார் கவனிப்பது, பெனால்டி கார்னரை எப்படி மாற்றி அடிப்பது என்று ஆட்டம் முழுவதும் இடையறாத கணக்கு. புல்லிலே கற்று, செயற்கைத் தரையிலே வென்ற ஒருவர், தாம் ஒருநாளும் ஆடியிராத விதிகளின்கீழ் ஆடும் இளைஞர்களுக்கு ஆசானாக வேண்டியிருந்தது. இதற்குத் துணிவு மட்டும் போதாது, பழைய புகழைக் கழற்றி வைத்துவிட்டு மாணவனாக அமரும் அடக்கமும் வேண்டும்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு ரமன்தீப் சிங் தலைமையில் சென்ற அணிக்கு அவரே பயிற்சியாளர். மகாராஷ்டிரத்தின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழரான தன்ராஜ் பிள்ளையும், நடுவரிசையில் தமிழ்நாட்டு முகம்மது ரியாஸும் திருமால்வளவனும் அந்த அணியில் இருந்தார்கள். அர்ஜென்டினாவையும் ஸ்பெயினையும் வென்றார்கள், தம் சொந்த நாட்டில் ஆடிய ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்று சமன் செய்தார்கள், கொரியாவிடம் தோற்றார்கள். பிரிவின் கடைசி ஆட்டம் போலந்துடன். வென்றால் அரையிறுதி. ஒரு கோல் முன்னணியில் இருந்தது இந்தியா. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது போலந்து சமன் செய்தது. 1-1.

மாஸ்கோவில் போலந்துடன் சமன் செய்தது அவருடைய தங்கத்துக்கு யாதொரு பங்கமும் செய்யவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே போலந்துடன் சமன் செய்தது அவருடைய அணியை ஏழாவது இடத்துக்குத் தள்ளியது. அரையிறுதிக்குள் நுழைந்த கொரியா வெள்ளிப் பதக்கம் வரையில் சென்றது. மாஸ்கோவில் அவர் மட்டையோடு உள்ளே நின்றார். சிட்னியில் அந்தப் பந்து உருண்டபோது அவரால் கோட்டைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர்கள் சுமக்கிற பெருந்துன்பம் இதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

2006இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவரே பயிற்சியாளராகச் சென்றார். பன்னிரண்டு அணிகளில் இந்தியா பதினோராவதாக வந்தது. பத்திரிகைகள் அவரைக் கடுமையாகவே விமரிசித்தன. தவறுகளே இல்லை என்று வாதிப்பது என் நோக்கமன்று. ஆயினும், தோல்வியின் முழுப் பாரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிற வழக்கம் நம் ஹாக்கியை எத்தனை ஆண்டுகள் பின்னுக்கு இழுத்திருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அவருக்குப் பின் வெளிநாட்டவர்கள் பலர் வந்தார்கள், அவர்களும் நிலைக்கவில்லை. பால் வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மாரைன் என்று 2015க்கும் 2018க்கும் இடையே எத்தனை பெயர்கள்!

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர் கிரஹாம் ரீட். 2016இல் ரியோவில் அவர் பயிற்றுவித்த ஆஸ்திரேலிய அணி காலிறுதியிலேயே தோற்றது. அந்தத் தோல்வியோடு அவரை ஒதுக்கிவிடாமல் 2019இல் இந்தியா அழைத்தது. டோக்கியோ விளையாட்டுகள் ஓராண்டு தள்ளிப்போனதால் அவருக்குக் கூடுதல் அவகாசமும் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கத்தைத் தொட்டது. அவகாசம் கொடுத்தால் பயிற்சியாளர் பலன் தருவார் என்பதற்கு இது பிரத்தியட்சமான சாட்சி. பாஸ்கரனுக்கு அத்தகைய அவகாசம் தொடர்ச்சியாகக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண் ஆசையாகவே இருக்கலாம். எனினும் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நம் ஊருக்கு இதில் ஒரு காரியம் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன கோவில்பட்டி, அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடத்தி, இந்திய அணிக்கு ஆட்டக்காரரை அனுப்புகிற ஊராக வளர்ந்திருக்கிறது. பெரிய நகரத்தின் செல்வம் அதற்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவர்களின் சிரத்தை இருந்தது. காஞ்சியிலும் ஆரணியிலும் பட்டு வியாபாரம் செய்து நிமிர்ந்தவர்கள் பலர். உற்சவங்களுக்கும் திருப்பணிகளுக்கும் மனமுவந்து கொடுக்கிறவர்கள். அவர்களில் நாலைந்து பேர் ஒன்றுகூடி, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு நல்ல பயிற்சியாளரை அமர்த்தி, முதல் வருஷத்துத் தோல்வியைக் கண்டு அவரை மாற்றாமல், பத்து வருஷம் அவருடைய சம்பளத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பைத் தொடங்கிவைக்க யாரை அழைக்கலாம் என்று அவர்கள் யோசிக்கவேண்டிய அவசியமே இராது.